அலகி

தினமும் காலையில் ஒலிப்பதிவு தொடங்கும் முன் நாங்கள் ஒரு நிமிடம் ஒன்றுமில்லாததைப் பதிவு செய்வோம்.

சவுண்டு அண்ணன் அதற்கு 'வெறும் அறை' என்று பெயர் வைத்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக் முன்னால் நான் அசையாமல் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் அவர் கையை உயர்த்துவார். அறுபது நொடி. யாரும் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. சுவரில் ஒட்டிய பஞ்சு, மேஜை மரம், தண்ணீர் டம்ளர், என் உடம்பு எல்லாம் சேர்ந்து மெல்ல மூச்சு விடுவது போல இருக்கும். பிறகு நான் இருமிய இடத்தையும் நாற்காலி முனகிய இடத்தையும் வெட்டியெடுத்துவிட்டு, அந்த ஓட்டைகளை இந்த வெறும் அறையைக் கொண்டுதான் அடைப்பார். கிழிந்த துணிக்கு அதே துணியில் ஒட்டுப் போடுவது மாதிரி.

அந்தத் திங்கட்கிழமை அறுபது நொடி முடிந்தும் அவர் உயர்த்திய கையை இறக்கவில்லை.

"ஏம்மா, ஏதாவது சொன்னியா?"

"இல்லண்ணே. வாயே திறக்கல."

"அப்ப என் காதுதான் ரிட்டயர்டு ஆயிடுச்சு போல."

அவருக்கு இடது காது பாதிதான் கேட்கும். இருபத்தெட்டு வருடமாகச் சத்தத்தை வைத்தே பிழைப்பவருக்கு ஒன்றரைக் காது. "ரெண்டு காதும் ஒழுங்கா இருக்கிறவன் வீட்ல சண்டை போடறான். நான் பொண்டாட்டிக்கு இடது காதைக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கேன்" என்பார்.

அப்போது நாங்கள் பதிவு செய்துகொண்டிருந்தது ஒரு கண் மருத்துவர் எழுதிய புத்தகம். வேதாகமத்தில் வரும் போர்களை எங்கோ எப்போதோ நடந்தவையாகப் பார்க்காமல், மனத்துக்குள் தினமும் நடப்பவையாகப் படிப்பது அவருடைய வழி. எரிகோவின் மதில் நம்முடைய பிடிவாதம். கிதியோனின் ஆட்கள் பானைக்குள் மறைத்த தீவட்டி, நாமே மூடி வைத்திருக்கும் விழிப்பு. இப்படி எட்டு அத்தியாயம் முடித்திருந்தோம். எதுவும் என்மேல் பெரிதாக ஒட்டவில்லை. குரல் கொடுப்பவள் எழுதியதையெல்லாம் நம்ப வேண்டுமென்று கட்டாயமா என்ன? லகரம், ளகரம், ழகரம் மூன்றும் அதனதன் இடத்தில் விழுந்தால் என் வேலை முடிந்தது. அதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

ஒன்பதாவது அத்தியாயம் ஓர் ஆற்றுத் துறையைப் பற்றியது.

யெப்தாவின் தலைமையில் கீலேயாத்தியர் எப்பிராயீமரை முறியடித்துவிட்டார்கள். தோற்றவர்கள் ஊர் திரும்ப யோர்தான் நதியைக் கடந்தாக வேண்டும். கீலேயாத்தியர் முந்திக்கொண்டு துறைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓடி வந்தவன், "என்னை அக்கரைக்குப் போக விடுங்கள்" என்கிறான். "நீ எப்பிராயீமனா?" "இல்லை." "அப்படியானால் ஷிபோலேத் என்று சொல்." கதிர் என்று அர்த்தமாம். சாதாரண வார்த்தை. ஆனால் எப்பிராயீமர் நாக்கில் 'ஷ' வராது. 'சிபோலேத்' என்கிறான். அங்கேயே வெட்டுகிறார்கள். அப்படி நாற்பத்திரண்டாயிரம் பேர்.

"ஆத்தாடி!" என்றார் சவுண்டு அண்ணன், ஸ்பீக்கர் வழியாக. "எங்க வீட்ல ஒருத்தர்கூட தேற மாட்டோம்மா. ஷாம்புவ சாம்புன்னுதான் சொல்லுவோம். என் மாமியார் ஒருத்திதான் 'ஷ'வ அழுத்திச் சொல்லும். அது மட்டும் தனியா அக்கரைக்குப் போய்ச் சேரும்."

"அங்க போய் உங்களப் பத்திக் கோள் சொல்லும்."

"அதுக்கு இங்கயே வெட்டுப்படலாம்."

சிரித்து முடித்துப் பதிவைத் தொடங்கினோம். நான் படித்தேன்:

"இரண்டு கூட்டமும் யோசேப்பின் வழி வந்தவை. பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள். போர் முடிந்துவிட்டது. ஓடி வருகிறவன் கேட்பது வீட்டுக்குப் போக ஒரு வழி மட்டும்தான். உனக்குள்ளும் ஓர் ஆறு ஓடுகிறது. அதன் துறையில் உன் கவனம் காவல் நிற்கிறது. தோற்று, களைத்து, உன்னிடம் திரும்பி வருகிற ஒவ்வொன்றையும் அது நிறுத்தி, ஷிபோலேத் சொல் என்கிறது."

அந்த இடத்தில் இரண்டு நொடி இடைவெளி என்று தாளில் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். இடைவெளி விட்டேன்.

ஹெட்ஃபோனில் யாரோ இரண்டு முறை தொண்டையைச் செருமினார்கள்.

"அழகி."

ஆண் குரல். கரகரத்த, தேய்ந்த குரல். வலது காதுக்குப் பக்கத்தில், மூச்சு படுகிற தூரத்தில் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். பஞ்சு ஒட்டிய சுவர் மட்டும் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இந்தத் தடவ எனக்கு நல்ல காதுலயே கேட்டுச்சும்மா" என்றார்.

*

என்னை அழகி என்று கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் அழகி என்று கூப்பிட்டதே இல்லை. அலகி என்றுதான் கூப்பிட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் ஒலிக்கும் அறிவிப்புகளுக்கு என் குரலைப் பதிவு செய்தபோது, கம்பெனி சார்பில் அதை வாங்கிப் போக வந்தார். கேட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு மேடம். ஏலாம் தளம் மட்டும் கொஞ்சம் சத்தமா வேணும்" என்றார்.

"எத்தனாம் தளம்?"

"ஏலு."

"ஏலுன்னா?"

ஒரு கையை விரித்து, இன்னொரு கையில் இரண்டு விரலை நீட்டினார். காது மடல் சிவந்துவிட்டது. எனக்கு அந்த மடலைத்தான் முதலில் பிடித்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் வைத்த பெயர்தான் அலகி. "அலகு பறவைக்குல்ல இருக்கும், எனக்கு எதுக்கு?" என்று கேட்டேன். "ஏன், நீ கொத்துறதில்லையா?" என்றார். அந்த வருடம் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

பிறகு நான் கொத்த ஆரம்பித்தேன். வீட்டுக்கு ஆட்கள் வந்தால், "இவர வாழைப்பழம்னு ஒரு தடவ சொல்லச் சொல்லுங்களேன்" என்பேன். அவர் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும்தான். ஒன்பது வருடம். அவர் சிரிப்பை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவரிடமிருந்து காணாமல் போனதை மட்டும் பிறகு யோசித்துப் பார்த்தேன். மழை பெய்தால் "வானம் ஊத்துது" என்பார். ஏழு மணிக்கு வரச் சொன்னால் "ஆறே முக்காலுக்கே வந்துடறேன்" என்பார். கிழமை சொல்ல மாட்டார், தேதி சொல்வார். கடைசியாகப் போனது அலகி. என்னை 'இந்தா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

வேறு ஊரில் ஒரு மாத வேலை என்று போனவர் திரும்பவில்லை. ஒரு கடிதம் வந்தது. "வேலை இங்கேயே கிடைத்துவிட்டது. இனி உன் காதுக்கு ஓய்வு." அவ்வளவுதான். அதில் ஒரு ழகரம்கூட இல்லை என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன். என் புத்தி அப்படி.

இரண்டு வருடம் கழித்து, அதாவது இந்த ஒலிப்பதிவுக்கு எட்டு மாதம் முன்பு, தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. முன்பின் கேட்டிராத கரகரப்பான குரல். "அழகி… நான்தான்." ழகரம் கண்ணாடி மாதிரி விழுந்தது. நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடாமல் நின்ற ழகரம். என்னாலேயே அதைவிடச் சுத்தமாகச் சொல்ல முடியாது.

"யாருங்க நீங்க? என் வீட்டுக்காரருக்கு 'ழ' வராது" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அந்த எண்ணையும் தடுத்து வைத்தேன். சொந்தக்காரர் மாதிரி பேசி ஏமாற்றுகிற கூட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம் அது. "ஒரே எழுத்துல ஆளப் பிடிச்சேன் பாருங்க" என்று இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ! சவுண்டு அண்ணனே நாலு தடவை கேட்டிருக்கிறார்.

அதனால்தான் அன்று அந்த இடைவெளியைத் திரும்ப ஓட்டிக் கேட்டுவிட்டு, அவர் என் முகத்தைப் பார்க்காமல், "வயர்ல ஏதோ கோளாறு" என்றார்.

*

வயரை மாற்றினார். மைக்கை மாற்றினார். என் ஹெட்ஃபோனின் பிய்ந்த காதுமெத்தைக்கு டேப் ஒட்டியிருந்தோம், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி வந்தார். ஏசியை நிறுத்தினோம். கீழே கண்ணாடிக் கடையில் அறுக்கும் மெஷினைப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஓட்டாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தார். செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாளும் அதே பக்கத்தைப் படித்தேன். "ஷிபோலேத் சொல் என்கிறது" என்பதற்கு மேல் போக முடியவில்லை. இரண்டு செருமல், பிறகு அழகி. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தெளிவாக. வியாழக்கிழமை அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது.

"வரட்டுமா?"

அன்று நான் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். என் வீடு ஒன்பதாவது மாடி. எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒலிப்பதும் என் குரல்தான். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு அது என் குரல் என்பதே மறந்திருந்தது. அன்று லிஃப்டில் நான் ஒருத்திதான். ஒன்பதை அழுத்தினேன். "கதவு மூடுகிறது" என்றேன் நான், மேலேயிருந்து. லிஃப்ட் ஏறியது. யாரும் கூப்பிடாமல் நடுவில் நின்றது. கதவு திறந்தது. வெளியே யாருமில்லை. குழல்விளக்கு எரியும் நீண்ட நடை, வரிசையாகச் சாத்திய கதவுகள், ஒரு கதவுக்கு வெளியே ஒரு ஜோடிச் செருப்பு.

என் குரல் நிதானமாக, அழுத்தம் திருத்தமாக அறிவித்தது:

"ஏலாம் தளம்."

கைப்பை கீழே விழுந்தது. கதவு மூடி, ஒன்பதாவது மாடி வந்து, நான் வெளியே வந்துவிட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, திரும்ப ஏறி ஏழை அழுத்தினேன். "ஏழாம் தளம்" என்றது. நாலு தடவை போய்ப் போய் வந்தேன். நாலு தடவையும் சரியாகத்தான் சொன்னது. ஏழாம் மாடிக்காரர் ஒருவர் குப்பைக்கூடையோடு நின்று, "என்ன மேடம், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

*

வெள்ளிக்கிழமை வெறும் அறையிலேயே அந்தக் குரல் வந்துவிட்டது. பதிவு முடிந்ததும் சவுண்டு அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருக்காமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பதிவின்போது அவர் அந்தக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காத. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"இத்தனை நாளும் நான் சத்த மீட்டரோட முள்ளத்தான் பாத்துட்டிருந்தேன். இன்னைக்கு உன்னப் பாத்தேன்." கொஞ்சம் தயங்கினார். "அந்தக் குரல் வரும்போது உன் உதடு அசையுதும்மா."

"என்னண்ணே பேசறீங்க? அது ஆம்பளக் குரல்."

"எனக்குத் தெரியாதா ஆம்பளக் குரல் எது, பொம்பளக் குரல் எதுன்னு? காதுலதான் ஒண்ணரை, கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. பயத்தைக் கோபமாகப் பேசிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கடைசியில் மேஜைமேல் கிடந்த என் பென்சிலை எடுத்து நீட்டினார். "குறுக்கால கடிச்சுக்க. நீங்கள்லாம் வாய்ப் பயிற்சிக்குக் கடிப்பீங்கள்ல, அந்த மாதிரி. ஒரு நிமிஷம் வெறும் அறை எடுப்போம். நீ இல்லன்னா அது பாட்டுக்கு வரும். நீயா இருந்தா, ஒண்ணு வராது, இல்ல குழறும். வெவகாரம் தீந்துடும்."

பென்சிலைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் குறுக்காகக் கடித்தேன். அப்படிக் கடித்தால் நாக்கு பின்னால் மடிய இடமில்லை. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் போய்க் கையை உயர்த்தினார். அறுபது நொடி. மரத்தின் கசப்பு நாக்கில் இறங்கியது. ஹெட்ஃபோனில் அறை மூச்சு விட்டது. நாற்பதாவது நொடியில் இரண்டு செருமல்.

"அலகி."

அவருடைய குரல். கரகரப்பு இல்லை. லிஃப்ட் அறிவிப்பை வாங்கிப் போக வந்த அன்று இருந்த அதே இளமையான குரல். அந்த 'ல'வில் நாக்கு பல்லுக்குப் பின்னால் தட்டுகிற சின்னச் சத்தம்கூட அப்படியே இருந்தது. என் தொண்டைக்குழி அதிர்வதை நான் கையால் தொட்டு உணர்ந்தேன். அது என் தொண்டைதான்.

பென்சில் ஒடிந்துவிட்டது.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கை தானாகத் தாளை எடுத்தது. விட்ட இடத்துக்கு அடுத்த வரியைப் படித்தேன். ஐந்து நாளாகப் போக முடியாத வரி. பென்சிலால் மூச்சுக் குறியெல்லாம் போட்டு வைத்திருந்தேன். கண்ணில் நூறு முறை பட்டிருக்கும். அன்றுதான் வாயில் வந்தது.

"அந்தக் காவலாளுக்கு உண்மையில் தெரியாதா? எதிரில் நிற்பவன் முகமும் சாயலும் அவனுக்குத் தெரியும், தன் சித்தப்பன் பிள்ளை என்பதும் தெரியும். அவனை அறிந்துகொள்ள வார்த்தை தேவையில்லை. அவனை வெட்டுவதற்குத்தான் வார்த்தை தேவைப்பட்டது."

ஒரு பிழையில்லாமல் படித்தேன். படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"அந்த ஃபோன் கதைய உங்ககிட்ட நாலு தடவ சொல்லியிருக்கேன்ல. அதுல ஒண்ண மட்டும் சொல்லல." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அழகின்னு சொல்றதுக்கு முன்னாடி அவர் ரெண்டு தடவ தொண்டையச் செருமினார். என்கிட்ட முக்கியமா ஏதாவது பேச வந்தா எப்பவும் அப்படித்தான் செருமுவார். பொண்ணு கேக்க வந்தப்பவும் அப்படித்தான். எனக்கு அப்பவே தெரியும்ண்ணே. அவர்தான்னு தெரியும்."

"தெரிஞ்சுமா வச்சே?"

"என்கூட இருந்த வரைக்கும் வராத 'ழ' என்னை விட்டுப் போனப்புறம் வந்திருக்கு. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு ஒரு ஆத்திரம். அதுவும் சரியாச் சொல்லிட்டார்னா அப்புறம் நான் யாரு? எனக்கு என்ன இருக்கு சிரிக்கிறதுக்கு?"

அவர், "ஃபோன் உள்ள வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

ஒலிப்பதிவு அறைக்குள் ஃபோன் கொண்டுவரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். திருட்டுத்தனமாகப் பையில் வைத்திருந்தேன். தலையாட்டினேன்.

"பேசு" என்றார்.

*

தடுத்து வைத்த எண்கள் பட்டியலில் அந்த ஒரே எண்தான் இருந்தது. விடுவித்தேன். அழைத்தேன். ஐந்தாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஹலோ, யாரு?"

அந்தக் குரலைத் தெரியும். அவருடைய தங்கை, என் நாத்தனார். கல்யாணமாகித் தூர ஊருக்குப் போனவள்.

"நான்தான். அண்ணி பேசறேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"வழி தெரிஞ்சுதா அண்ணி, இப்பவாவது?" என்றாள். குத்தல்தான். ஆனால் குரல் உடைந்திருந்தது. "எட்டு மாசம் ஆச்சு."

"அவர் இருக்காரா?"

"இருக்கான், இருக்கான். எங்க போவான்? தொண்டையில ஆபரேஷன் ஆனதுலேர்ந்து என்கூடதான் இருக்கான். உங்களுக்குச் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். பேச்சே போயிடும்னாங்க. அப்புறம் ஒரு பேச்சுப் பயிற்சி டீச்சர்கிட்ட விட்டோம். ஒவ்வொரு எழுத்தா முதல்லேர்ந்து குழந்தைக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி சொல்லிக் குடுத்தாங்க. மத்ததெல்லாம் ரெண்டு மாசத்துல வந்துடுச்சு. 'ழ'வுக்கு மட்டும் நாலு மாசம், கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து. அது வந்த அன்னைக்குத்தான் உங்களுக்கு ஃபோன் பண்ணினான்."

ஒடிந்த பென்சிலைக் கையில் எடுத்தேன்.

"நீங்க வச்சதும் பேப்பர எடுத்து எழுதிக் காமிச்சான். என்ன எழுதினான் தெரியுமா? 'இன்னும் சரியா வரல போல.' அவ்வளவுதான் அண்ணி. அதுக்கப்புறம் வாயே திறக்கல. டாக்டர் தொண்டையெல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்றார். நான் உங்களக் கூப்பிடட்டுமான்னு கேட்டா வேணாம்னு தலையாட்டிடுவான்."

"இப்ப என்ன பண்றார்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதான் எனக்குப் பயமா இருக்கு. திங்கக்கிழமைலேர்ந்து காலைல பத்து மணியானா ஜன்னல் ஓரமா நாற்காலியப் போட்டு உட்கார்ந்துடறான். கண்ண மூடிக்கிட்டு உதட்ட மட்டும் அசைக்கிறான். சத்தமே வரல. காத பக்கத்துல வச்சுக்கூட கேட்டுப் பாத்துட்டேன், மூச்சுதான் வருது. நேத்து ஏதோ ரெண்டாவதா ஒண்ணும் சொன்ன மாதிரி இருந்துச்சு. இன்னைக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி திடீர்னு நிறுத்திட்டு, ஏதோ கேட்ட மாதிரி தலையச் சாய்ச்சு உட்கார்ந்திருக்கான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுவர்க்கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது.

"அவர்கிட்ட ஃபோனக் குடு" என்றேன்.

அவள் நடக்கும் சத்தம், ஒரு கதவு, மின்விசிறி. பிறகு அமைதி. காதில் அவருடைய மூச்சு. எங்கள் வெறும் அறையின் மூச்சைப் போலவே இருந்தது. இத்தனை நாளாக எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போது புரிந்தது.

அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். மூச்சை இழுத்தார். அந்த எழுத்துக்காக நாக்கை மடிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. தவறிவிடுமோ என்று அந்த மூச்சு நடுங்கியது.

"வேணாம்" என்றேன். "ஒண்ணும் சொல்ல வேணாம். நான்தான். அலகி பேசறேன்."

ஒன்பது வருடம் கேலி செய்த அந்த 'ல' என் வாயில் தடையில்லாமல் விழுந்தது.

"அன்னைக்கே உங்களத் தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன். தப்பு உங்க நாக்குல இல்ல. நீங்க எதையும் சரியாச் சொல்ல வேணாம். பேசவே வேணாம். வாங்க, போதும்."

பதில் இல்லை. மூச்சும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு அண்ணன் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்கத் துடித்துக்கொண்டிருந்த முள் படுத்துவிட்டது. வலது காதுப் பக்கம் யாரோ நெருங்கி நிற்கிற அந்த உணர்ச்சியும் போய்விட்டிருந்தது. எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. நேரம் கடந்துவிட்டதோ?

"ஹலோ" என்றேன். "இருக்கீங்களா?"

ஃபோனை எங்கோ வைக்கிற சத்தம். தரையில் நாற்காலி இழுபடுகிற சத்தம். வேகமான காலடிகள், ஏதோ தட்டி விழுவது, தாழ்ப்பாள். தூரத்திலிருந்து நாத்தனாரின் கத்தல் வந்தது:

"அண்ணா! எங்க ஓடற? சட்டையாவது மாத்திக்கிட்டுப் போ!"